மலையில் புரதம்: பருப்பா, கொள்ளா, முட்டையா, மீல்மேக்கரா?

நீலகிரியில் குறைந்த வருமானத்தில் குடும்பம் நடத்துபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: "சத்தாகச் சாப்பிடு என்கிறார்கள். எதை வாங்கினால் எங்களுக்குக் கட்டுப்படியாகும்?"

காய்கறியைப் பற்றி இவர்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் இடங்களில் உடைந்தது, கோணலானது என்று கழித்துப்போடுவது மலிவாகக் கிடைக்கும். சந்தை முடியும் நேரத்தில் முட்டைக்கோஸ் விலை இறங்கிவிடும். வீட்டோரம் கொடி இருந்தால் மேரக்காய்க்கு (சௌசௌ) காசே வேண்டாம். நூல்கோல் தழை, முள்ளங்கித் தழை, பீட்ரூட் கீரை எல்லாம் காயோடு சேர்ந்தே வருகின்றன.

குறை இருப்பது வேறு இடத்தில். தட்டில் சோறு நிறைய, குழம்பு கொஞ்சம், பக்கத்தில் ஒரு பொரியல், நாள் முழுக்க நான்கைந்து டீ. வயிறு நிறையும், புரதம் போதாது. எனவே கையில் இருக்கும் காசைப் புரதத்துக்கு எப்படிப் பிரித்துப் போடுவது என்பதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

## எவ்வளவு வேண்டும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது ஏறக்குறைய 45 கிராம். அவர் நாளைக்கு 350 கிராம் அரிசியும் ராகியும் சாப்பிட்டால் அதிலேயே 25 கிராம் கிடைத்துவிடும். மீதி 20 கிராமை வேறு எதிலிருந்தாவது கொண்டுவர வேண்டும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் கூடுதலாக வேண்டும். ஆனாலும் "ஆளுக்கு 20 கிராம்" என்று வைத்துக்கொண்டால் கணக்குப் போட வசதி. நான்கு பேர் வீட்டுக்கு நாளைக்கு 80 கிராம், மாதத்துக்கு 2,400 கிராம்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

கடையில் கிலோ விலையைப் பார்ப்பது போதாது. 10 கிராம் புரதத்துக்கு என்ன செலவாகிறது என்று பார்க்க வேண்டும். அது முதல் அளவுகோல்.

இரண்டாவது, வேகவைக்கும் செலவு. சமவெளி ஊர்க்காரர்கள் எழுதும் சிக்கனக் குறிப்புகளில் இது இருக்காது. மலையில் இதை விட்டுவிட்டால் கணக்கே தப்பு. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீர் கொதிக்கும் வெப்பமும் இறங்குகிறது. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குன்னூரில் 94 அளவில். கூடலூர் வெகுவாகக் கீழே இருப்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. தளதளவென்று கொதித்தாலும் பருப்பு வேகாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். தீயை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீரின் சூடு அதற்கு மேல் ஏறாது, கேஸ்தான் வீணாகும்.

குக்கரும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல்தான் தன் அழுத்தத்தைச் சேர்க்கிறது. கீழே 121 டிகிரி தரும் குக்கர் ஊட்டியில் 116 அளவில் நின்றுவிடும். அதனால் சமையல் குறிப்பில் இருக்கும் நேரத்தோடு கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்தால், பெரிய பர்னர் முழுத் தீயில் ஒரு மணி நேரம் எரிய 10 ரூபாய் ஆகும். மூடி போட்ட சட்டியில் கொண்டைக்கடலையை ஒன்றரை மணி நேரம் வைத்தால், கடலைக்குக் கொடுத்த காசைவிடக் கேஸுக்குக் கொடுத்தது அதிகமாகிவிடலாம். தேயிலைக் கவாத்துக் குச்சி எரிக்கும் வீடுகளில் இந்தச் செலவு புகையாகவும், விறகு கட்டிவரும் நேரமாகவும் போகிறது.

மூன்றாவது, ஈரம். ஜூனில் தொடங்கும் சாரல் இடைவெளி விட்டு விட்டு நவம்பர், டிசம்பர் வரை நீள்கிறது. அந்த மாதங்களில் எது பூசணம் பிடிக்காமல் தாங்கும்? மண் சரிந்து மேட்டுப்பாளையம் பாதை அடைபட்டால் வீட்டில் எது கையிருப்பாக இருக்கும்?

கடைசியாக, வீட்டில் உள்ளவர்கள் அதைச் சாப்பிடுவார்களா என்பது. எவ்வளவு சத்தான பொருளாக இருந்தாலும் பிள்ளைகள் ஒதுக்கிவைத்தால் போட்ட காசு போனதுதான்.

## கணக்கு

விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். கீழே உள்ள அட்டவணையின் இரண்டாம் பத்தியில் இருப்பது நான் கணக்குக்காக வைத்துக்கொண்ட விலை. உங்கள் கடை விலையைப் போட்டு மாற்றிப் பாருங்கள், வரிசை பெரிதாக மாறாது.

| பொருள் | வைத்துக்கொண்ட விலை | 10 கிராம் புரதத்துக்கு வேண்டிய அளவு | அதன் செலவு | அடுப்புச் செலவு |
|---|---|---|---|---|
| ரேஷன் துவரம்பருப்பு | கிலோ ₹30 | 45 கிராம் | ₹1.35 | நடுத்தரம் |
| மீல்மேக்கர் | கிலோ ₹150 | 20 கிராம் | ₹3 | மிகக் குறைவு |
| கொள்ளு | கிலோ ₹90 | 45 கிராம் | ₹4 | அதிகம் |
| கறுப்புக் கொண்டைக்கடலை | கிலோ ₹100 | 50 கிராம் | ₹5 | அதிகம் |
| நிலக்கடலை | கிலோ ₹140 | 40 கிராம் | ₹5.60 | குறைவு |
| வெளிக்கடைத் துவரம்பருப்பு | கிலோ ₹130 | 45 கிராம் | ₹6 | நடுத்தரம் |
| முட்டை | ஒன்று ₹7 | ஒன்றே முக்கால் முட்டை | ₹12 | குறைவு |
| பால் | லிட்டர் ₹40 | 310 மில்லி | ₹12.50 | குறைவு |
| கோழிக்கறி | கிலோ ₹240 | எலும்போடு 75 கிராம் | ₹18 | நடுத்தரம் |

## துவரம்பருப்பு

ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ பருப்பை வாங்காமல் விடக் கூடாது. இந்தப் பட்டியலில் இதற்கு ஈடான விலையில் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரு கிலோவில் இருப்பது 220 கிராம் புரதம். நான்கு பேர் வீட்டுக்கு நாளைக்கு 80 கிராம் வேண்டும் என்றோம். அப்படியானால் மாதத் தேவையில் இது மூன்று நாளைக்குக்கூட முழுதாக வராது. "ரேஷன்ல பருப்பு வாங்குறோமே" என்று நிம்மதியாக இருக்கும் வீடுகளில்தான் இந்தக் குறை கண்ணில் படாமல் போகிறது. ஒரு கைப்பிடிப் பருப்பை நீர்க்கக் கரைத்து நான்கு பேருக்குச் சாம்பார் வைத்தால், ஆளுக்கு 2, 3 கிராம்தான் போய்ச் சேரும்.

ரேஷன் பருப்பு தீர்ந்ததும் அதே பழக்கத்தில் வெளிக்கடையில் துவரை வாங்குவதுதான் பலர் செய்வது. அதே காசுக்குக் கொள்ளும் கொண்டைக்கடலையும் கூடுதலாகப் புரதம் தரும்.

சாம்பார் வைக்கும் நாளில் பருப்பை இரட்டிப்பாக்கிக் கெட்டியாகக் கடைந்துவிடுங்கள். தக்காளியும் புளியும் பருப்பு வெந்த பிறகுதான் சேர வேண்டும். புளிப்புச் சேர்ந்தால் வேகும் நேரம் நீளும்.

## கொள்ளும் மற்ற முழுப்பயறுகளும்

என் தேர்வு இதுதான், முக்கியமாகக் கொள்ளு. விலை குறைவு, கொங்கு நாட்டிலிருந்து எந்தப் பருவத்திலும் ஏறிவரும், குளிர் ஊரில் உடம்புக்கு இதமாகவும் இருக்கும். வெந்த தண்ணீரை வடித்து ரசம், பயறைக் கடைந்து சோற்றுக்கு என ஒரு தடவை வேகவைத்தால் இரண்டு பதார்த்தம் ஆகிறது.

மறைந்திருக்கும் செலவு அடுப்பில் இருக்கிறது. அதைக் குறைக்க வழி ஊறவைப்பதுதான். ஊட்டிக் குளிரில் பச்சைத் தண்ணீரில் போட்டால் விடிந்தும் பயறு உள்ளே கல்லாகவே இருக்கும். கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடி, கம்பளித் துணி சுற்றி வையுங்கள். இரவு சாப்பாடு முடித்த பிறகு வைத்தால் காலைக்குத் தயார். முளைகட்ட வேண்டுமானால் கொதிநீர் கூடாது, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவையுங்கள். டிசம்பரில் முளைவிட ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பது உதவும். இரண்டு வேளைக்கு வேண்டியதை ஒரே தடவையில் குக்கரில் வேகவைத்துக்கொண்டால் கேஸ் பாதியாகும். இந்தக் குளிரில் மறுநாள் வரை கெடாது.

பழைய சரக்கு எவ்வளவு ஊறினாலும் வேகாது. கடைக்காரர் விலை குறைத்துத் தருகிறார் என்று போன வருஷத்துக் கொண்டைக்கடலையை வாங்கினால், குறைந்த காசு கேஸில் போய்விடும். கொஞ்சம் வாங்கி வேகவைத்துப் பார்த்த பிறகு மாதத்துக்கு வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. சிவப்பு ராஜ்மாவை அரைவேக்காட்டில் சாப்பிட்டால் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அதில் இருக்கும் நச்சு நன்கு கொதித்தால்தான் அழியும். மலையில் கொதிநிலையே குறைவு என்பதால், ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குக்கரில் மட்டுமே வேகவையுங்கள். குக்கர் இல்லாத வீட்டில் ராஜ்மா வேண்டாம்.

பச்சைப் பட்டாணி, அவரை, பட்டர் பீன்ஸ் இங்கேயே விளையும் பருவத்தில் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எளிதில் வெந்துவிடும். ஆனால் தோலை உரித்த பிறகு கையில் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து விலை சொல்லுங்கள். பட்டாணியில் பாதி தோலாகப் போகும்.

## மீல்மேக்கர்

எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்வது இது. பாதிக்கு மேல் புரதம், வேகவைக்கப் பத்து நிமிஷம். கேஸையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ரேஷன் பருப்பை விட்டுவிட்டுப் பார்க்கையில் எல்லாவற்றையும்விட மலிவு இதுதான். காலையில் ஏழு மணிக்குள் வேலைக்குக் கிளம்பும் வீடுகளுக்கு, ஒற்றை அடுப்பில் சமைப்பவர்களுக்கு, அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு தடவை பிழிந்து கழுவினால் அந்த வாடை போய்விடும். பொடியாக நறுக்கி முட்டைக்கோஸ் பொரியலில் சேர்த்தால் பிள்ளைகளும் சாப்பிட்டுவிடுவார்கள்.

தினமும் முக்கியமான பதார்த்தமாக இதையே வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ருசி சீக்கிரம் சலித்துவிடும், கொள்ளில் இருக்கும் பலவகைச் சத்தும் இதில் அப்படியே இல்லை. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் மாத்திரைக்கும் சோயாவுக்கும் நடுவில் நான்கு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். பிரித்த பாக்கெட்டை மூடிவைக்க நல்ல டப்பா ஒன்று வேண்டும். சாரல் மாதத்தில் திறந்துவைத்தால் நமுத்துவிடும்.

## முட்டை

விலையை மட்டும் பார்த்தால் முட்டை தோற்றுவிடும். ஆனால் பயறுகளில் கிடைக்காத பி12 இதில் இருக்கிறது. இதன் புரதமும் உடம்பில் நன்றாகச் சேரும். அவித்த முட்டையை ஒரு வயதுக் குழந்தையும் சாப்பிடும், பல் இல்லாத பாட்டியும் சாப்பிடுவார். நாமக்கல்லிலிருந்து மலையேறி வருவதால் கீழே இருப்பதைவிட இங்கே கொஞ்சம் விலை கூடும். ஆனால் ஃப்ரிட்ஜ் இல்லாமலேயே வாரக்கணக்கில் தாங்குவது மலையில் இருப்பதன் லாபம். மழை எச்சரிக்கை வந்தால் ஒரு அட்டை வாங்கிவைப்பது நல்லது. சோறு வைக்கும் குக்கரிலேயே கழுவிய முட்டையை மேல்தட்டில் வைத்து அவித்துவிட்டால் தனியாகக் கேஸ் வேண்டாம்.

அரசுப் பள்ளிச் சத்துணவில் வாரத்தில் ஐந்து நாள் முட்டை உண்டு. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வீட்டிலும் தினமும் முட்டை என்று செலவு செய்வதைவிட, சனி, ஞாயிறில் பிள்ளைக்கும் மற்ற நாட்களில் அம்மாவுக்கும் என்று மாற்றிவிடுங்கள். எல்லோருக்கும் போட்டுவிட்டு முட்டை இல்லாமல் சாப்பிட்டு எழுவது பெரும்பாலும் அம்மாதான்.

## பால்

அரை லிட்டர் வாங்கும் வீட்டில் அது முழுக்க டீக்குப் போவதுதான் வழக்கம். டீயில் ஊற்றிய பாலின் புரதம் எங்கும் போய்விடுவதில்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிப்பவருக்குப் பாலோடு சர்க்கரையும் சேர்ந்தே போகிறது. பாதியைத் தயிராக்கினால் சோற்றோடு சேரும். குளிரில் தயிர் உறையாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. பாலை வெதுவெதுப்பாகவே உறை ஊற்றி, துணி சுற்றி, அரிசிப் பானைக்குள் வைத்தால் உறைந்துவிடும். முட்டை சாப்பிடாத வீட்டில் பாலைக் குறைக்க வேண்டாம், பி12-க்கு அவர்களுக்கு வேறு வழி அதிகமில்லை.

## மற்றவை சுருக்கமாக

நிலக்கடலை நல்லது, அவித்துச் சாப்பிடக் கேஸும் அதிகம் ஆகாது. ஆனால் ஈரத்தில் பூசணம் பிடித்த கடலை ஈரலுக்கு ஆபத்து. கசப்படித்தால் துப்பிவிடுங்கள், மீதியையும் கொட்டிவிடுங்கள். மழைமாதத்தில் ஒரு தடவைக்குக் கால் கிலோவுக்கு மேல் வாங்கிவைக்க வேண்டாம்.

கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்களுக்குக் கேரளத்திலிருந்து மத்தி மீன் வருகிறது. விலை இறங்கும் நாளில் அது முட்டைக்கு நிகர், நல்ல கொழுப்பும் சேர்ந்து கிடைக்கும். கருவாட்டில் உப்பு மிக அதிகம். ரத்தக்கொதிப்பு இருப்பவர்கள் தள்ளிவைப்பது நல்லது.

கோழிக்கறி ஞாயிற்றுக்கிழமைச் சந்தோஷத்துக்கு. அதை யாரும் விட வேண்டியதில்லை, ஆனால் வாரம் முழுவதற்குமான புரதத்தை அதில் எதிர்பார்க்க வேண்டாம். மொட்டுக்காளான் இங்கே விளைவதால் அதைப் புரதம் என்று நினைத்து வாங்குகிறார்கள். நூறு கிராமில் 3 கிராம் அளவுதான் இருக்கிறது, ருசிக்கு வாங்கலாம். பிள்ளைகளுக்கென்று விளம்பரம் செய்யும் சத்துபான டப்பாக்களுக்கு ஒதுக்கும் காசை அப்படியே முட்டைக்கு மாற்றிவிடுங்கள்.

## நான்கு பேருக்கு ஒரு மாதம்

மேலே வைத்துக்கொண்ட விலையில், கொள்ளை மட்டுமே நம்பினால் 2,400 கிராமுக்கு 11 கிலோ, ஏறக்குறைய 1,000 ரூபாய். முட்டை மட்டும் என்றால் ஏறக்குறைய 400 முட்டை, 2,800 ரூபாய். கோழி மட்டும் என்றால் 4,200 ரூபாய்க்கு மேல். இப்படி ஒன்றையே யாரும் சாப்பிடப்போவதில்லை. நான் கலந்து போடும் கணக்கு இது:

ரேஷன் துவரம்பருப்பு 1 கிலோ, கொள்ளு 2 கிலோ, கொண்டைக்கடலை 2 கிலோ, மீல்மேக்கர் 1 கிலோ, நிலக்கடலை 1 கிலோ, முட்டை 30, பால் தினமும் அரை லிட்டர். மொத்தம் 1,510 ரூபாய், ஒரு நாளைக்கு 50 ரூபாய். புரதம் 2,480 கிராம். பள்ளியில் கிடைக்கும் முட்டை இதற்கு மேல்.

காசு இன்னும் இறுக்கமாக இருக்கும் மாதத்தில் பாலைக் கால் லிட்டராக்கி, அந்த இடத்தில் கொள்ளை ஒரு கிலோ கூட்டுங்கள். 210 ரூபாய் மிச்சமாகும், புரதம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். முட்டையைக் கடைசியில்தான் தொட வேண்டும்.

2023 மே முதல் நீலகிரியில் ரேஷன் அட்டைக்கு அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி தருகிறார்கள். அதை வாங்கிக்கொள்ளுங்கள். புரதத்தில் அரிசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சுண்ணாம்புச்சத்து நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, அரிசியில் அது மிகக் குறைவு. பால் குறைத்த மாதத்தில் இது கைகொடுக்கும்.

## யாருக்கு எது?

தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில், கடை தூரம், மாதம் ஒரு முறைதான் டவுனுக்குப் போக முடியும் என்றால் கொள்ளும் கொண்டைக்கடலையும் மீல்மேக்கரும் வாங்கி இறுக்கமான டப்பாக்களில் வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கான விடியல் பயணம் என்னும் இலவசப் பயணம் மலைப் பேருந்துகளிலும் வந்துவிட்டதால், சாமான் வாங்கப் போவது வீட்டுப் பெண்ணாக இருந்தால் பஸ் காசும் மிச்சம்.

தனியாகத் தங்கி வேலை பார்ப்பவருக்கு மீல்மேக்கர், முட்டை, ஒரு பாக்கெட் தயிர். முழுப்பயறு ஊறவைக்கவும் வேகவைக்கவும் அவருக்கு நேரம் இருக்காது. மெஸ்ஸில் சாப்பிடுபவர் அங்கே வைக்கும் சாம்பாரை நம்பாமல் அறையில் இரண்டு முட்டையும் ஒரு கை கடலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் இரத்தசோகை உள்ளவர்கள் இருந்தால் பயறும் கீரையும் கட்டாயம், ஆனால் சாப்பிட்ட கையோடு டீ கூடாது. டீயில் இருக்கும் டானின் பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். கூடவே எலுமிச்சை, நெல்லி, மரத்தக்காளி, லேசாக வதக்கிய முட்டைக்கோஸ் என வைட்டமின் சி உள்ளது ஏதாவது இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். நீலகிரிப் பழங்குடிச் சமூகங்களில் அரிவாளணு சோகையும் இருக்கிறது. அது சாப்பாட்டுக் குறைவால் வருவதில்லை. அவர்கள் தாமாக இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இந்த 20 கிராம் கணக்கு பொருந்தாது, மருத்துவர் சொல்லும் அளவுதான்.

வீட்டில் குக்கரே இல்லையென்றால், கொள்ளும் கடலையும் வாங்குவதைத் தள்ளிவைத்து முதல் இரண்டு மாதம் மீல்மேக்கர், பாசிப்பருப்பு, முட்டையோடு ஓட்டுங்கள். பாசிப்பருப்பு உடைத்தது என்பதால் மூடி போட்ட சட்டியிலும் வெந்துவிடும். அதற்குள் ஐந்து லிட்டர் குக்கர் ஒன்றுக்குச் சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே குக்கர் இருந்தும் ஆவி ஓரமாகக் கசிகிறது என்றால் ரப்பர் வளையத்தை மாற்றுங்கள். கசியும் குக்கரில் அழுத்தம் ஏறாது, மலையில் அது சட்டியில் வேகவைப்பதற்குச் சமம்.